சேம்பர் மியூசிக்: மிருதங்கமும் இல்ல, கண்டக்டரும் இல்ல, அப்ப தாளம் யாரு போடுறது?

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்க பெரிம்மாவ ஒரு ஃப்ரீ கான்சர்ட்டுக்கு கூட்டிட்டுப் போனேன். என் ஆபிஸ் பினாங்கு ஜார்ஜ் டவுன் பீச் ஸ்ட்ரீட் பக்கம், வெள்ளிக்கிழமைன்னா தொழுகைக்காக லஞ்ச் டைம் நீளமா விடுவாங்க, பெரிம்மா கண் டாக்டர பார்க்க நிபோங் தெபால்லேருந்து வந்திருந்தாங்க, பார்த்து முடிச்சு சாயங்காலம் வரைக்கும் அவங்கள எங்க உட்கார வைக்கிறதுன்னு யோசிச்சப்பதான் ரெண்டு நாளைக்கு முன்ன பார்த்த நோட்டீஸ் ஞாபகம் வந்துச்சு. பழைய கட்டடம் ஒன்னோட மாடி ஹால். அம்பது அறுபது நாற்காலி, டிக்கெட் கிடையாது, வாசல்ல ஒரு பெட்டி மட்டும். நாலு பேரு வந்து அரை வட்டமா உட்கார்ந்தாங்க, ரெண்டு வயலின், வயலின விட கொஞ்சம் பெருசா இருக்கிற ஒரு வியோலா, கால் நடுவுல நிறுத்தி வச்சு வாசிக்கிற பெரிய வயலின் மாதிரி ஒரு செல்லோ. எல்லாரும் உள்ளூர் ஆளுங்க, பல வருஷமா வாசிக்கிறவங்க, பிள்ளைங்களுக்கு சொல்லியும் கொடுக்கிறவங்க. மைக் இல்ல, ஸ்பீக்கர் இல்ல, முன்னாடி நின்னு கை ஆட்டி நடத்துற கண்டக்டர்னு ஒருத்தரும் இல்ல.

பெரிம்மா நாப்பது வருஷமா கோயில்ல பஜனை பாடுறவங்க, கர்நாடக சங்கீதம் கேட்டுக் கேட்டு பழகின காது. வாசிக்க ஆரம்பிச்சு ரெண்டு நிமிஷம் கூட ஆகல, என் பக்கம் சாஞ்சு மெதுவா கேட்டாங்க, "ஏம்மா, தாளம் யாரு போடுறா?"

எனக்கு அப்ப டக்குனு பதில் சொல்ல வரல. வீட்டுக்குப் போய் யோசிச்சப்பதான் புரிஞ்சுது, அந்த ஒரு கேள்விக்கு ஒழுங்கா பதில் சொன்னாலே சேம்பர் மியூசிக்னா என்னன்னு முக்கால்வாசி சொன்ன மாதிரின்னு. அதான் இத எழுதுறேன், இது வரைக்கும் ஒரு தடவ கூட கேக்காதவங்களுக்காக.

பேர்லேருந்து ஆரம்பிப்போம். இத்தாலிய மொழியில 'காமெரா'ன்னா அறை. கோயிலுக்கோ நாடகக் கொட்டகைக்கோ எழுதின இசை ஒரு பக்கம், ஒரு வீட்டு அறைக்குள்ள உட்கார்ந்து வாசிக்க எழுதின இசை இன்னொரு பக்கம், அப்படித்தான் அந்தக் காலத்துல பிரிச்சு வச்சிருந்தாங்க. அறைக்குள்ள எத்தன பேரு உட்கார முடியும்? மூனு, நாலு, அஞ்சு, மிஞ்சிப் போனா எட்டு ஒன்பது. இதுல ஆள் கம்மிங்கிறத விட முக்கியமான விஷயம் ஒன்னு இருக்கு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா ஒரு வரிசை எழுதியிருக்கும், அத அவர் ஒருத்தர்தான் வாசிக்கணும், கூட சேர்ந்து வாசிக்க இன்னொரு ஆள் கிடையாது. கோலாலம்பூர்ல ட்வின் டவர் கீழ இருக்கிற ஃபில்ஹார்மோனிக் ஹால், 1998ல திறந்தது, அங்க பெரிய ஆர்க்கெஸ்ட்ரா கச்சேரி பார்த்திருந்தீங்கன்னா தெரியும், பத்துப் பன்னெண்டு வயலின்காரங்க ஒரே வரிசைய ஒன்னா வாசிப்பாங்க, வில்லு கூட ஒரே பக்கமா போகும். அதுல ஒருத்தருக்கு அன்னிக்கு கை சரியில்லன்னா மத்தவங்க தாங்கிக்குவாங்க. இங்க அந்த வசதி இல்ல. ஒருத்தர் நின்னா அந்த வரிசையே நின்னுடும்.

நம்ம கச்சேரியோட ஒப்பிட்டா இன்னும் தெளிவா புரியும். நம்ம மேடையிலயும் ஆள் கம்மிதான், பாடறவர், வயலின், மிருதங்கம், மிஞ்சினா ஒரு கடம் இல்ல கஞ்சிரா. ஆனா அதுல யாரு தலைவர்னு கேட்டா சின்னப் பிள்ள கூட சொல்லும். மத்ததெல்லாம் பக்கவாத்தியம், அந்த வார்த்தையே பதில் சொல்லிடுது. வயலின் பாடகர் பின்னாடியே நிழல் மாதிரி போகும், மிருதங்கம் தாளத்த பிடிச்சுக்கும், அதுக்குன்னு ஒரு தனி ஆவர்த்தனம் கிடைக்கும். ஸ்ட்ரிங் குவார்டெட்ல, அதாவது நான் சொன்ன அந்த நாலு பேரு செட்டுல, பக்கவாத்தியம்னு நிரந்தரமா யாரும் கிடையாது. இந்த நிமிஷம் முன்னாடி இருக்கிறவர் அடுத்த நிமிஷம் பின்னாடி போயிடுவாரு, செல்லோ மேல வந்து பாடும், முதல் வயலின் கீழ இறங்கி அதுக்கு துணை வாசிக்கும்.

இந்த நாலு பேரு கணக்கு எப்படி வந்துச்சுங்கிறதுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை ஒன்னு இருக்கு. ஜோசப் ஹைடன், 1732ல பொறந்த ஆஸ்திரிய நாட்டு இசையமைப்பாளர், சின்ன வயசுல பெரிய வேலை எதுவும் இல்லாம இருந்த காலத்துல, 1750களோட கடைசி வாக்குல, ஃபுர்ன்பெர்க்னு ஒரு பிரபு அவர தன்னோட ஊர் வீட்டுக்கு கூப்பிட்டிருக்காரு. அங்க வாசிக்கத் தெரிஞ்சவங்க யாருன்னா, ஊர் பாதிரியார் ஒருத்தர், பண்ண மேனேஜர் ஒருத்தர், செல்லோ வாசிக்கிற இன்னொருத்தர், அப்புறம் ஹைடன். அவ்வளவுதான் ஆளு. சரி, இந்த நாலு பேரு வாசிக்கிற மாதிரி எதாச்சும் எழுதிக் கொடுன்னு பிரபு கேட்டாராம். வயசான காலத்துல ஹைடன் தன் வாழ்க்கை வரலாறு எழுதின ஒருத்தர்கிட்ட இப்படித்தான் சொல்லியிருக்காரு. இருக்கிற ஆள வச்சு ஆரம்பிச்ச வேலைதான், கடைசில பார்த்தா 68 குவார்டெட் எழுதிட்டாரு, அவருக்குப் பின்னாடி மொஸார்ட், பீத்தோவன், ஷூபர்ட்னு ஒருத்தர் விடாம எல்லாரும் இதே நாலு வாத்தியத்துக்கு எழுதினாங்க, பீத்தோவன் மட்டும் 16. எழுதினவங்களே வாசிக்கவும் செஞ்சாங்க, வியன்னாவுல ஒரு வீட்டுல ஹைடன் வயலினும் மொஸார்ட் வியோலாவும் வச்சுக்கிட்டு ஒன்னா உட்கார்ந்து குவார்டெட் வாசிச்சிருக்காங்க. அந்த அறையில உட்கார்ந்து கேட்டவங்க என்ன புண்ணியம் பண்ணாங்களோ.

இப்ப பெரிம்மா கேள்விக்கு வரேன், தாளம்.

அன்னிக்கு கச்சேரி முடிஞ்சதும் பெரிம்மாவே நேரா வியோலா வாசிச்ச பையன்கிட்ட போயிட்டாங்க, நம்ம தமிழ்ப் பையன்தான், "தம்பி, தாளம் யாருப்பா போட்டது?"ன்னு கேட்டாங்க. அவர் வாயால பதில் சொல்லல. வியோலாவ தாடையில வச்சாரு, வில்லத் தூக்கினாரு, மூக்கால சர்ருன்னு ஒரு மூச்சு இழுத்தாரு, "இதான் ஆண்ட்டி"ன்னாரு. இன்னொரு தடவ இழுத்தாரு, இந்தத் தடவ மெதுவா. "இது ஸ்லோ பாட்டு ஆண்ட்டி." பெரிம்மா முகத்தப் பார்க்கணுமே அப்ப!

அதாவது ஆரம்பிக்கப் போறவர் எடுக்கிற மூச்சிலயே வேகம் இருக்கு. எவ்வளவு நேரம் இழுக்கிறாரு, எவ்வளவு உயரம் வில்லு போகுது, அதப் பார்த்தா அடுத்த மூனு பேருக்கும் முதல் அடி எங்க விழும், ரெண்டாவது அடி எங்க விழும்னு தெரிஞ்சிடும். தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை ரோட்டுல உருமி மேளம் அடிக்கிற பசங்கள கவனிச்சிருக்கீங்களா, அடி மாறப் போற நேரத்துல ஒருத்தன் கண்ணக் காட்டுவான், தோள ஒரு அசைப்பு அசைப்பான், மொத்த கூட்டமும் மாறிடும், யாரும் ஒன்னு ரெண்டு மூனு சொல்ல மாட்டாங்க. அதே வித்ததான், இங்க சத்தம் கம்மி, அதனால கண்ணுக்கு வேலை இன்னும் ஜாஸ்தி. ஆரம்பிச்ச பிறகு தாளம் ஒருத்தர் கையிலயே இருக்காது. பெரும்பாலும் நடுவுல இருக்கிற ரெண்டு பேரு, ரெண்டாவது வயலினும் வியோலாவும், சின்னச் சின்ன சுரமா டிக்கி டிக்கி டிக்கின்னு ஓட்டிக்கிட்டே இருப்பாங்க, மேல முதல் வயலின் நீளமா இழுத்துப் பாடும், கீழ செல்லோ அடித்தளம் போடும். அந்த டிக்கி டிக்கிதான் நம்ம மிருதங்கம். ஆனா அத வாசிக்கிறவங்களுக்கு அடுத்த பக்கத்துல பாட்டு வந்துடும், அப்ப தாளத்த வேற ஒருத்தர் ஏத்துக்கணும், கை மாத்துறது தெரியவே கூடாது.

அதனால புதுசா போறவங்களுக்கு நான் சொல்றது ஒன்னே ஒன்னுதான், முதல் வயலின்காரரையே பார்த்துக்கிட்டு இருக்காதீங்க, பக்கத்துல இருக்கிற ரெண்டாவது வயலின பாருங்க. சாம்பார்ல பருப்பு மாதிரி அவங்க. கரண்டில எடுத்தா காய்தான் தெரியும், பருப்பு கரைஞ்சு போயிருக்கும், ஆனா அது இல்லன்னா அது வெறும் புளித்தண்ணி.

அன்னிக்கு வாசிச்சது ஹைடனோட ஓப்பஸ் 76ல, ஓப்பஸ்னா வெளியீட்டு நம்பர், அதுல மூனாவது குவார்டெட், 1797 வாக்குல எழுதினது, 'எம்பெரர்'னு பட்டப்பேரு. முதல் தடவ கேக்கிறவங்களுக்கு இத விட நல்ல வாசல் எனக்குத் தெரியல, காரணம் அதோட ரெண்டாவது பகுதி. அந்த மெட்டு உங்களுக்கு ஏற்கனவே தெரியும், வேர்ல்ட் கப்ல ஜெர்மனி மேட்ச் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி போடுவாங்களே தேசிய கீதம், அதேதான். ஹைடன் அத எழுதினது அவங்க நாட்டு சக்கரவர்த்திக்காக, ஃப்ரான்ஸ்னு அவர் பேரு, லண்டன்ல இருந்தப்ப இங்கிலீஷ்காரங்க தங்களோட ராஜாவுக்கு பாடுற கீதத்த கேட்டுட்டு, நமக்கும் இப்படி ஒன்னு இருந்தா நல்லா இருக்குமேன்னு தோணி எழுதினது. இங்க ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். அந்த இங்கிலீஷ் மெட்ட கேட்ட இன்னொரு ஆள் நம்ம முத்துசாமி தீட்சிதர். அவர் அந்த மெட்டுக்கே சமஸ்கிருதத்துல சாகித்யம் போட்டாரு, நோட்டுஸ்வரம்னு சொல்ற வகையில அதுவும் ஒன்னு. கிட்டத்தட்ட ஒரே காலத்து ஆளுங்க, ஒருத்தர் வியன்னாவுல, ஒருத்தர் தமிழ்நாட்டுல, ரெண்டு பேருக்கும் ஒரே மெட்டு வந்து காதுல விழுந்திருக்கு. தீட்சிதரோட தம்பி பாலுசாமி தீட்சிதர்தான் வெள்ளக்காரர் ஒருத்தர்கிட்ட வயலின் கத்துக்கிட்டு நம்ம சங்கீதத்துக்குள்ள அத கொண்டு வந்தவங்கள்ல முக்கியமானவர். அதனால வயலின் வெள்ளக்காரன் சாமான், நமக்கென்னன்னு யாராச்சும் சொன்னா எனக்கு மனசு கஷ்டமா இருக்கும். இருநூறு வருஷமா நம்ம வீட்டுல இருக்கிற வாத்தியம் அது. நாம தரையில உட்கார்ந்து நெஞ்சுக்கும் காலுக்கும் நடுவுல வச்சு ச ப ச பன்னு சுருதி சேர்த்து வாசிக்கிறோம், அவங்க தாடையில வச்சுக்கிட்டு நாலு தந்தியையும் நாலு வேற சுரத்துல சேர்க்கிறாங்க, வித்தியாசம் அங்கதான்.

சரி, அந்த ரெண்டாவது பகுதியில என்ன நடக்குதுன்னா, முதல்ல முதல் வயலின் மெட்ட முழுசா வாசிக்கும். அப்புறம் அதே மெட்டு, ஒரு சுரம் கூட மாறாம, ரெண்டாவது வயலினுக்குப் போகும், அப்ப முதல் வயலின் மட்டும் அது மேல கொடி மாதிரி சுத்திச் சுத்தி வரும், மத்த ரெண்டு பேரும் சும்மா இருப்பாங்க. அடுத்து செல்லோ. அடுத்து வியோலா. கடைசில திரும்ப முதல் வயலின், ஆனா இப்ப கீழ இருக்கிற மூனு பேரும் முதல்ல வாசிச்சத விட கனமா, அடர்த்தியா தாங்குவாங்க. நம்ம சங்கதி போடுறதுக்கு நேர் எதிர் இது. நாம ஒரு வரிய எடுத்து அதையே மாத்தி மாத்திப் பாடுவோம், வரி வளரும். இங்க வரி அப்படியே நிக்குது, அத சுத்தி இருக்கிற வீடுதான் மாறுது. ஒரே புடவைய அம்மா கட்டி, சித்தி கட்டி, அக்கா கட்டிப் பார்த்த மாதிரி. செல்லோ அந்த மெட்ட எடுத்தப்ப பெரிம்மா மடியில தட்டிக்கிட்டு இருந்த விரல் நின்னுடுச்சு, நான் பார்த்தேன், கண்ண மூடிக்கிட்டாங்க.

ஹைடனுக்கும் அந்த மெட்டு மேல அவ்வளவு பாசம். 1809ல நெப்போலியன் படை வியன்னாவ அடிச்சுப் பிடிச்ச நேரம், உடம்பு முடியாம வீட்டுல இருந்தவரு அத பியானோவுல வாசிச்சுக்கிட்டே இருந்திருக்காரு, அந்த மே மாசக் கடைசியிலயே இறந்துட்டாரு.

சுருதி பத்தி ஒரு வார்த்த. நாலு பேரும் ஒன்னா நிறுத்தி ஒரு கார்ட், அதாவது பல சுரத்த ஒரே நேரத்துல, பிடிக்கும்போது திடீர்னு ஹாலே வெளிச்சமான மாதிரி ஒரு சத்தம் வரும், கேட்டுப் பாருங்க. வயலின் குடும்பத்துக்கு வீணைக்கு இருக்கிற மாதிரி கட்ட கிடையாது, விரல எங்க வைக்கிறமோ அதான் சுரம், அதனால நாலு பேரும் கேட்டுக் கேட்டு நகர்த்தணும். தம்புரா நல்லா சேர்ந்துடுச்சுன்னா யாரும் மீட்டாத ஒரு காந்தாரம், ச ரி கவுல வர்ற க, தானா கேக்குமே, அந்த இடத்துலதான் இவங்களும் காந்தாரத்த வைக்கப் பார்ப்பாங்க, பியானோவுல இருக்கிற காந்தாரம் அத விட கொஞ்சம் தூக்கலா இருக்கும். பெரிம்மாவுக்கு இத சொன்னப்ப "அதான பார்த்தேன்"னாங்க, சொல்லாமலே அவங்க காதுக்குத் தெரிஞ்சிருக்கு.

நம்ம ஊர் காத்துல ஈரம் ஜாஸ்தி, மர வாத்தியத்துக்கு அது ஆகாது. வெளிய சூடு, உள்ள ஏர்கோன், மரம் ஊதும் சுருங்கும், முறுக்காணி வழுக்கும், தந்தி இறங்கிடும். அன்னிக்கு முதல் பகுதி முடிஞ்சதும் ரெண்டாவது வயலினுக்கு ஒரு தந்தி இறங்கிப் போச்சு, நாலு பேரும் நிறுத்தி நிதானமா சுருதி சேர்த்துட்டுதான் ஆரம்பிச்சாங்க. அத தப்புன்னு நினைக்காதீங்க. ஈரத்த உறிஞ்சுற மெஷின் வச்ச அலமாரியில வாத்தியத்த வச்சு, கைக்குழந்தைய பார்க்கிற மாதிரி பார்த்துக்கிற ஆளுங்க இவங்க.

ஒரு குவார்டெட்னா பொதுவா நாலு பகுதி இருக்கும், நடுவுல சின்ன இடைவெளி விடுவாங்க, அப்ப கை தட்டாம கடைசில தட்டுறதுதான் இப்ப வழக்கம். நம்ம பழக்கத்துக்கு இது கஷ்டம், நல்லா இருந்தா அங்கேயே சபாஷ் சொல்ற ஆளுங்க நாம. மொஸார்ட் காலத்துல அவங்களும் நடுவுல தட்டினவங்கதான், பாரிஸ்ல ஒரு பகுதி ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஜனங்க கை தட்டினாங்கன்னு அவர் அப்பாவுக்கு சந்தோஷமா லெட்டர் எழுதியிருக்காரு. அதனால தெரியாம தட்டிட்டா வெட்கப்பட ஒன்னும் இல்ல. ஆனா சாப்பாடு கட்டின தாப்பாவ் பை மட்டும் உள்ள கொண்டு போகாதீங்க, மைக் இல்லாத ஹால்ல பிளாஸ்டிக் சத்தம் செல்லோவ விட நல்லா கேக்கும். பசியாறிட்டுப் போங்க. லேட்டாயிட்டா கதவுகிட்ட நின்னு ஒரு பகுதி முடியிற வரைக்கும் பொறுத்து உள்ள போங்க.

ஏன் மத்தியானத்துல வைக்கிறாங்கன்னு கேட்டா, ஆபிஸ் ஆளுங்களுக்காகத்தான், நாப்பத்தஞ்சு நிமிஷம் ஒரு மணி நேரத்துல இடைவேளை இல்லாம முடிஞ்சிடும், ராத்திரி கார் பார்க்கிங் தேடி அலைய வேணாம், வயசானவங்க இருட்டுறதுக்குள்ள வீடு போய்ச் சேரலாம். உலகத்துல இதுக்கு பெரிய உதாரணம் லண்டன்ல நடந்தது. 1939ல யுத்தம் ஆரம்பிச்சு கச்சேரி ஹாலெல்லாம் மூடிட்டாங்க, நேஷனல் கேலரியில இருந்த படங்கள பத்திரமா வெளியூர் அனுப்பிட்டதால சுவரெல்லாம் காலியா கிடந்துச்சு, மைரா ஹெஸ்னு ஒரு பியானோ கலைஞர் அந்தக் காலி இடத்துல மத்தியானக் கச்சேரி வைக்கலாம்னு கேட்டு, அக்டோபர் 10ல ஆரம்பிச்சாங்க. நுழைவுக்கு ஒரு ஷில்லிங். குண்டு விழுந்த காலத்துல கீழ பாதாள அறைக்கு மாத்திக்கிட்டு நடத்தினாங்க, 1946 வரைக்கும் கிட்டத்தட்ட 1700 கச்சேரி. யூனிபார்ம்ல இருந்தவங்களும் ஆபிஸ் குமாஸ்தாக்களும் வந்து கேட்டாங்க, பெரும்பாலும் சேம்பர் மியூசிக்தான்.

ஃப்ரீன்னா சும்மா வாசிக்கிறாங்க போலன்னு நினைச்சிடாதீங்க, இது எனக்கு உண்மையிலேயே ஆதங்கம். கோயில் அன்னதானத்துக்கு காசு வாங்க மாட்டாங்க, ஆனா விடிய நாலு மணிக்கே யாரோ உட்கார்ந்து காய் வெட்டியிருப்பாங்க இல்லையா. இவங்களும் பகல்ல பிள்ளைங்களுக்கு கிளாஸ் எடுத்துட்டு, ராத்திரி ஒன்னா கூடி, அந்த மூச்சு ஒரே மாதிரி வர வரைக்கும் எத்தன வாரம் உட்கார்ந்திருப்பாங்க. வாசல்ல இருக்கிற பெட்டியில அஞ்சு வெள்ளியோ பத்து வெள்ளியோ போடுங்க, இல்லன்னாலும் பரவால்ல, முடிஞ்சதும் போய் ஒரு வார்த்த பேசுங்க.

முக்கியமா பிள்ளைங்கள கூட்டிட்டுப் போங்க. நம்ம ஆளுங்க எத்தன பேரு மாசா மாசம் ஃபீஸ் கட்டி வயலின் பியானோ கிளாஸுக்கு அனுப்புறோம், கிரேட் 5, கிரேட் 8ன்னு பரீட்சை எழுதி சர்டிபிகேட் ஃப்ரேம் போட்டு மாட்டுறோம், ஆனா அந்தப் பிள்ள பத்தடி தூரத்துல நாலு பேரு ஒன்னா மூச்சு இழுக்கிறத ஒரு தடவ கூட பார்த்திருக்காது. தனியா ரூம்ல உட்கார்ந்து பரீட்சைக்கு மூனு பாட்ட வாசிச்சு வாசிச்சு வெறுத்துப் போன பிள்ளைங்கள எனக்குத் தெரியும், எங்க அண்ணன் மக ஒருத்தி, இன்னொரு பிள்ளையோட சேர்ந்து டூயட் வாசிக்க ஆரம்பிச்ச பிறகுதான் வயலின் பெட்டிய தானா திறக்கிறா.

போறதுக்கு முன்ன வீட்டுல கேட்டுப் பழகணும்னா நான் சொன்ன அந்த எம்பெரர் ரெண்டாவது பகுதி, யூடியூப்ல கிடைக்கும், வாசிக்கிறவங்க முகம் தெரியற வீடியோவா எடுங்க. அப்புறம் ஷூபர்ட்டோட 'ட்ரவுட்' குவின்டெட், 1819ல எழுதினது, பியானோவும் டபுள் பேஸும் சேர்ந்து அஞ்சு பேரு, இருவத்திரெண்டு வயசுப் பையன் எழுதினதுன்னு கேக்கும்போதே தெரியும், அவ்வளவு குஷி. கொஞ்சம் பழகின பிறகு பீத்தோவன் கடைசி காலத்து குவார்டெட் பக்கம் போகலாம், அவசரம் இல்ல.

பெரிம்மாவுக்கு அடுத்த மாசம் திரும்ப கண் டாக்டர் அப்பாய்ன்ட்மென்ட். தேதி ஃபிக்ஸ் பண்ண நர்ஸ் போன் பண்ணப்ப, வெள்ளிக்கிழமையா கொடுங்கன்னு கேட்டு வாங்கியிருக்காங்க. ரெண்டாவது வயலினுக்கு நேரா ஒரு நாற்காலி பிடிச்சு வைக்கணுமாம், எனக்கு நேத்தே உத்தரவு வந்துடுச்சு.